பத்து ஓட்டின் விலை (அமெரிக்க அரசியல் வரலாறு – 17)

1884 ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் பிளெய்ன் நியூயார்க் மாநிலத்தைச் சுமார் ஆயிரம் ஓட்டில் கோட்டைவிட்டார். நியூயார்க் போனதால் வெள்ளை மாளிகையே போயிற்று. அதே மாநிலத்தில் மதுவிலக்குக் கட்சி சார்பில் நின்ற ஜான் செயின்ட் ஜான் சுமார் 25,000 ஓட்டு வாங்கியிருந்தார். இந்த செயின்ட் ஜான் முன்பு கன்சாஸ் மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் கவர்னராக இருந்தவர். சென்ற வாரம் இந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

மதுவிலக்குக் கட்சி அதற்குப் பிறகும் விடாமல் தேர்தலில் நின்றது. 1892-ல் தொட்ட 2.25 சதவீதம்தான் அதன் உச்சம். தொகுதிக்கு ஒருவர், கூடுதல் ஓட்டு வாங்கியவருக்கே பதவி என்கிற முறையில் மூன்றாவது கட்சிக்கு வழக்கமாக நேரும் கதி அது. ஜெயிக்காத கட்சிக்கு எதற்குப் போடுவது என்று அனுதாபியே வாக்குச்சாவடி வாசலில் மனம் மாறிவிடுவார். ஆனால் 1884 கணக்கை வேறு விதமாகவும் படிக்கலாம். ஜெயிக்க முடியாத 25,000 பேரால் ஒருவரைத் தோற்கடிக்க முடிகிறது. அப்படியானால் எதற்காக வேட்பாளரை நிறுத்த வேண்டும்? ஜெயிக்கத் துடிக்கிற இரண்டு பேரிடமும் போய் விலை பேசினால் போதாதா?

இந்த யோசனைக்கு உருவம் கொடுத்த அமைப்பு 1893-ல் ஓஹியோ மாநிலத்தின் ஓபர்லின் என்ற கல்லூரி ஊரில் பிறந்தது. மதுக்கடை எதிர்ப்பு லீக் என்று அதற்குப் பெயர். தொடங்கியவர் ஹோவர்டு ஹைட் ரஸ்ஸல் என்ற பாதிரியார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுத் திருச்சபைக்கு வந்தவர். அவர் வேலைக்குப் பிடித்த ஓபர்லின் மாணவர் வேய்ன் வீலர். குள்ளமான உருவம், மூக்குக் கண்ணாடி, பார்த்தால் ஏதோ வங்கிக் குமாஸ்தா என்று தோன்றும். சிறுவயதில் பண்ணையாள் ஒருவன் குடிபோதையில் வைக்கோல் குத்தும் கவைக்கோலைத் தன் காலில் பாய்ச்சிவிட்டான் என்ற கதையை அவர் பிற்பாடு மேடைகளில் சொல்லுவார். நடந்ததுதானா என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை, கதை நன்றாக எடுபட்டது. லீக்கின் ஆளாக சைக்கிளில் ஊர் ஊராகப் போனார். வேலைக்கு நடுவே சட்டமும் படித்து 1898-ல் பட்டம் வாங்கினார்.

வீலரின் கணக்கு நம் ஊர்த் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஒரு தொகுதியில் நூறு ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து இந்தக் கட்சிக்கு, நாற்பத்தைந்து அந்தக் கட்சிக்கு. அப்பா காலத்திலிருந்து மாறாத ஓட்டுகள். மிச்சம் பத்து. அந்தப் பத்தும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கைக்காரர் சொல்வதை இரண்டு வேட்பாளருமே கேட்டாக வேண்டும். தொண்ணூறு பேரின் மனத்தை மாற்றத் தேவையில்லை. பத்து பேருக்கு வேறு எந்தக் கவலையும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதற்காக லீக் மற்ற எல்லாக் கொள்கைகளையும் தூக்கி எறிந்தது. சுங்கவரி, தங்கமா வெள்ளியா என்ற நாணயச் சண்டை, தொழிலாளர் பிரச்சினை எதிலும் அதற்குக் கருத்து கிடையாது. வேட்பாளரின் கட்சியைக் கேட்காது. அவர் குடிப்பாரா என்பதைக்கூடக் கேட்காது. இந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போடுவீர்கள் என்ற ஒரே கேள்வியை எழுதி அனுப்பி, பதிலை வாங்கி, அதைத் தன் பத்திரிகையில் ஊரறியப் போட்டுவிடும். பகலில் சரியாக ஓட்டுப் போட்டுவிட்டு ராத்திரியில் விஸ்கி குடிக்கிற உறுப்பினர், குடிக்காமல் தப்பாக ஓட்டுப் போடுகிறவரைவிட லீக்குக்கு வேண்டியவர். மதுவை ஒழிக்கப் புறப்பட்ட சங்கம் குடிகாரர்களுக்கு ஓட்டுக் கேட்டது என்று பலர் பிற்பாடு கேலி பேசினார்கள். எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. அவர்களுக்கு வேண்டியது சட்டமன்றத்தில் தூக்கும் கை, அவ்வளவுதான்.

அந்தப் பத்து ஓட்டு எங்கிருந்து வந்தது? தேவாலயத்திலிருந்து. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையை லீக்கின் பேச்சாளருக்கு விட்டுக்கொடுத்தன. பேச்சு முடிந்ததும் இருக்கை வரிசைகளில் அட்டைகள் சுற்றிவரும். மாதம் இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இருபத்தைந்து சென்ட் போட்டாலும் சரி. ராக்ஃபெல்லர் குடும்பமும் பெரும் தொகை கொடுத்ததுதான், ஆனால் லீக்கின் பலம் அந்த அட்டைகளில் இருந்த விலாசங்கள். பணமும் வந்தது, வாக்காளர் பட்டியலும் வந்தது. 1909-ல் ஓஹியோவின் வெஸ்டர்வில் என்ற சிற்றூரில் லீக் சொந்த அச்சகம் போட்டது. அங்கிருந்து துண்டறிக்கைகளும் பத்திரிகைகளும் டன் கணக்கில் தபாலில் போயின. 1870-களில் அதே ஊரில் ஒருவர் இரண்டு முறை மதுக்கடை திறக்க, இரண்டு முறையும் அதை வெடிமருந்து வைத்துத் தகர்த்திருந்தார்கள்.

லீக்கின் பெயர் நாடு முழுவதும் தெரிந்தது 1905-ல். ஓஹியோவின் கவர்னர் மைரன் ஹெரிக் கிளீவ்லாண்டின் வங்கி அதிபர், குடியரசுக் கட்சிக்காரர். 1903-ல் லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர். குடியிருப்புப் பகுதிகள் தங்களுக்குள் ஓட்டெடுத்து மதுக்கடைகளை மூடிக்கொள்ளலாம் என்ற மசோதா 1904-ல் சட்டமன்றத்துக்கு வந்தபோது, திருத்தாவிட்டால் வீட்டோ போடுவேன் என்று மிரட்டி அதன் பல்லைப் பிடுங்கினார் ஹெரிக். லட்சம் ஓட்டு கையில் இருக்கும்போது பாதிரியார்களுக்கு யார் பயப்படுவார்?

வீலர் 1905 தேர்தலை முழுக்க அந்த ஒரு மனிதருக்காகவே நடத்தினார். ஜனநாயகக் கட்சி ஜான் பேட்டிசன் என்ற மதுவிலக்கு ஆதரவாளரை நிறுத்தியது. சின்சினாட்டி நகரைக் கையில் வைத்திருந்த கட்சித் தாதா ஜார்ஜ் காக்ஸ் மீது இருந்த வெறுப்பும் சேர்ந்துகொண்டது. ஹெரிக் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்றார். இதில் கவனிக்க வேண்டியது, அதே சீட்டில் துணை கவர்னர் பதவிக்கு நின்ற குடியரசுக் கட்சிக்காரர் ஜெயித்துவிட்டார் என்பது. கட்சி தோற்கவில்லை, ஹெரிக் மட்டும் தோற்றார். ஓட்டுச்சீட்டில் பெயர் பெயராகத் தேடி அடித்திருக்கிறார்கள். (ஹெரிக் பிறகு பாரிஸில் அமெரிக்கத் தூதர் ஆனார். 1927-ல் அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்க்கை அங்கே வரவேற்றவர் அவர்தான்.)

அதுவரை ஹெரிக்குக்குத் துணை கவர்னராக இருந்தவர் ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர். பெயர் வாரன் ஹார்டிங். தலைவர் எப்படிச் சாய்ந்தார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். இவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு சங்கம் தனித்தனி உறுப்பினரைப் பிடித்து உலுக்க முடிந்ததற்கு அமெரிக்க சட்டமன்றங்களின் அமைப்பும் காரணம். நம்மிடம் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகும். அங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. தலைமை சொல்லலாம், கெஞ்சலாம், நல்ல கமிட்டியில் இடம் தராமல் பழிவாங்கலாம். ஓட்டு உறுப்பினருடையது. 1900-க்குப் பிறகு மாநிலம் மாநிலமாக உட்கட்சி முன்தேர்தல் வந்தது. யார் வேட்பாளர் என்பதைக் கட்சித் தாதாக்கள் அறைக்குள் உட்கார்ந்து முடிவுசெய்த காலம் போய், கட்சி வாக்காளர்களே தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். முற்போக்காளர்கள் கட்சித் தாதாக்களை ஒழிக்கக் கொண்டுவந்த சீர்திருத்தம் அது. அந்த இடத்துக்கு வீலர் வந்து உட்கார்ந்தார். முன்தேர்தலில் ஓட்டுப் போட வருகிறவர்கள் குறைவு, அங்கே பத்து ஓட்டு இருபதாகிவிடும்.

எதிர்த் தரப்பில் பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பீர் ஆலைக்காரர்களுக்கும் விஸ்கி ஆலைக்காரர்களுக்கும் ஆகாது. பீர் உணவு, விஸ்கிதான் விஷம் என்று பீர்க்காரர்கள் கடைசி வரை நம்பினார்கள். தங்களை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் மூடுவார்கள் என்ற நினைப்பு. தேர்தலில் அவர்கள் காசை இறைத்தார்கள், ரகசியமாக இறைத்தார்கள். டெக்சாஸில் அது வழக்காகி, ஆலைகள் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்ட, உள்ளுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் புத்தகமாகவே வெளிவந்தன. காசு கொடுத்து ஒரு தேர்தலை வாங்கலாம். கொடுத்தது தெரிந்துபோனால் அடுத்த தேர்தலில் அந்தக் காசே எதிராளிக்குப் பிரசாரம்.

பீர்க்காரர்களிடம் ஒரு நல்ல வாதம் இருந்தது, அரசாங்க வருமானம். 1910 வாக்கில் மத்திய அரசின் வரவில் ஏறக்குறைய 30 சதவீதம் மதுவின் மீதான வரி. கடையை மூடினால் கஜானா என்ன ஆகும்? 1913 பிப்ரவரியில் 16-ஆவது திருத்தம் நிறைவேறி வருமானவரி வந்தது. அந்த வாதம் அன்றோடு செத்தது.

அதே 1913-ல்தான் லீக் இலக்கை மாற்றியது. தெருவாக, ஊராக, மாநிலமாக மூடிக்கொண்டிருந்தவர்கள் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவிடுவோம் என்று கிளம்பினார்கள். டிசம்பர் 10 அன்று சுமார் நான்காயிரம் பேர் வாஷிங்டனில் ஊர்வலமாக நடந்து காங்கிரஸ் கட்டடத்தின் படிகளில் போய் நின்றார்கள். மனுவை வாங்கிக்கொள்ள இரண்டு பேர் காத்திருந்தார்கள்: டெக்சாஸ் செனட்டர் மோரிஸ் ஷெப்பர்டு, அலபாமா பிரதிநிதி ரிச்மண்ட் ஹாப்சன். ஹாப்சன் ஸ்பெயின் போரில் பெயர் வாங்கிய கடற்படை வீரர்.

ஓராண்டு கழித்து, 1914 டிசம்பர் 22 அன்று, ஹாப்சனின் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் ஓட்டுக்கு வந்தது. இரு கட்சிகளின் சபைத் தலைவர்களும் எதிர்த்தார்கள். முடிவு: ஆதரவு 197, எதிர்ப்பு 190. திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஆகவே தோல்வி. ஆனால் தலைமைகள் சேர்ந்து நின்று எதிர்த்தும் சாதாரணப் பெரும்பான்மை கிடைத்துவிட்டதே! வீலருக்கு வேண்டியது அந்த 190 பேரின் பெயர்ப் பட்டியல்தான். அடுத்த தேர்தலில் எந்தத் தொகுதியில் வேலை செய்ய வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் ஏது?

1916-ல் வில்சனும் ஹியூஸும் ஜனாதிபதி பதவிக்கு மோதினார்கள், இருவரும் மது விவகாரத்தை வாயில் எடுக்கவில்லை. நாடு மேலே அந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்க, கீழே தொகுதி தொகுதியாக லீக் வேலை செய்தது. புதிய காங்கிரசில் மதுவிலக்குக்காரர்கள் இரண்டுக்கு ஒன்றுக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். 1917 ஏப்ரலில் அமெரிக்கா ஜெர்மனி மீது போர் அறிவித்தது. பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், புஷ் என்று பீர் ஆலைகளின் பெயரெல்லாம் ஜெர்மன் பெயர். ரொட்டிக்கு வேண்டிய தானியத்தைச் சாராயத்துக்குக் கொடுப்பதா என்ற கேள்வியும் சேர்ந்தது. ஆகஸ்டு 1 அன்று செனட்டில் 65-க்கு 20 என்று திருத்தம் நிறைவேறியது.

இந்த இடத்தில்தான் ஓஹியோ செனட்டர் வாரன் ஹார்டிங் மறுபடி வருகிறார். தாம் மதுவிலக்குக்காரர் அல்ல என்று செனட்டிலேயே சொல்லிக்கொண்டு, மதுவிலக்குக்கு ஓட்டும் போட்டார். ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: மாநிலங்கள் ஆறு ஆண்டுக்குள் ஒப்புதல் தர வேண்டும், இல்லாவிட்டால் காலாவதி. கீழ்ச்சபை அதை ஏழாக்கியது. 48 மாநிலங்களில் 36 சம்மதிக்க வேண்டும், 13 மறுத்தால் போதும். அவ்வளவு சீக்கிரம் 36 கிடைக்காது என்று எதிர்ப்பாளர்கள் தெம்பாக இருந்தார்கள். லீக்குக்கும் கோபமில்லை, மதுப்பிரியர்களுக்கும் வருத்தமில்லை, ஹெரிக்கின் கதியும் வராது. ஹார்டிங்கைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நல்லதாக அதிகம் சொல்வதில்லை. இந்த ஒரு கணக்கில் அவர் கெட்டிக்காரர்.

டிசம்பர் 17 அன்று பிரதிநிதிகள் சபை: 282-க்கு 128. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எட்டே ஓட்டு. கட்சிவாரியாகப் பார்த்தால் ஜனநாயகக் கட்சியில் 141 ஆதரவு, 64 எதிர்ப்பு. குடியரசுக் கட்சியில் 137 ஆதரவு, 62 எதிர்ப்பு. கட்சியே இல்லாத ஒரு ஓட்டெடுப்பு இது. இரண்டு கட்சிகளையும் ஒரே அளவில் குறுக்கே வெட்டியிருந்தது லீக்.

ஏழு ஆண்டு அவகாசம் தேவைப்படவில்லை. 1918 ஜனவரி 8-ல் மிசிசிப்பி ஒப்புதல் கொடுத்தது, 1919 ஜனவரி 16-ல் நெப்ராஸ்கா 36-ஆவது மாநிலமானது. பதின்மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. மாநில சட்டமன்றங்களில் கிராமத்துக்குத் தலைக்கணக்குக்கு மேல் இடம், நகரத்துக்குக் குறைவு என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். நியூயார்க் மாநிலத்தின் 1894 அரசமைப்புச் சட்டம், நியூயார்க் நகரம் மேல்சபையில் பெரும்பான்மை பெற முடியாதபடியே எழுதப்பட்டிருந்தது. அந்தச் சட்டமன்றமும் மதுவிலக்குக்கு ஒப்புதல் கொடுத்தது. கடைசி வரை சம்மதிக்காத மாநிலங்கள் ரோட் ஐலண்டும் கனெக்டிகட்டும் மட்டுமே.

மக்களிடம் நேரே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மாநிலத்தில் கேட்டார்கள், அதுவும் லீக் பிறந்த ஓஹியோவில். ஒப்புதல் செல்லுமா என்று 1919 நவம்பரில் பொது வாக்கெடுப்பு நடந்தது. சுமார் பத்து லட்சம் பேர் ஓட்டுப் போட்டதில் 479 ஓட்டு வித்தியாசத்தில் மக்கள் ஒப்புதலை நிராகரித்தார்கள். அடுத்த ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பே செல்லாது என்றது. ஒப்புதல் தருவது சட்டமன்றத்தின் வேலை, வாக்காளர் அதில் குறுக்கிட அரசமைப்புச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பு.

திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டத்துக்கு மினசோட்டா பிரதிநிதி ஆண்ட்ரூ வோல்ஸ்டெட் பெயர். வரைவில் பெரும்பகுதி தன்னுடையது என்று வீலர் சொல்லிக்கொள்வார். அரை சதவீத ஆல்கஹால் இருந்தாலே அது போதைப் பானம் என்றது சட்டம். பீர் தப்பிக்கும் என்று கனவு கண்டவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. வில்சன் வீட்டோ செய்தார். அன்றே கீழ்ச்சபையும் மறுநாள் செனட்டும் அந்த வீட்டோவைத் தள்ளின. இவ்வளவு கறாரான சட்டத்தை அமல்படுத்தும் ஏஜென்டுகளைப் பரீட்சை வைத்து எடுக்கத் தேவையில்லை என்று அதே சட்டத்தில் ஒரு விலக்கு. முதலில் எடுத்த சுமார் 1,500 வேலைகளைக் காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் ஆட்களுக்கு வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம். ஓட்டுப் போட்டவர்களுக்கு லீக் கொடுத்த கூலி அது. சட்டத்தை உள்ளிருந்தே அரித்ததும் அதுதான்.

உறுப்பினர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு ஜார்ஜ் காசிடி சாட்சி. முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பி, வேலை கிடைக்காமல் இருந்தவர். காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகக் கட்டடத்துக்குள்ளேயே பெட்டியில் பாட்டில் வைத்து அறை அறையாக சப்ளை செய்தார். 1925-ல் பிடிபட்டபோது தலையில் பச்சைத் தொப்பி இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்தது. கீழ்ச்சபையில் நுழையக் கூடாது என்றார்கள், செனட் கட்டடத்துக்குப் போய்க் கடை விரித்தார். 1930 அக்டோபரில், தேர்தலுக்கு முன்னால், வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் தொடராகவே எழுதினார். ஐந்து உறுப்பினரில் நான்கு பேர் குடிப்பவர்கள் என்றார். பெயர் மட்டும் ஒன்றுகூடச் சொல்லவில்லை. தொழில் தர்மம்!

வீலர் அதைப் படிக்க இல்லை. 1927 ஆகஸ்டில் சமையலறைத் தீயில் மனைவியைப் பறிகொடுத்து, செப்டம்பர் 5-ல் தாமும் இறந்தார். வயது 57. தலைமை பிஷப் ஜேம்ஸ் கேனன் பக்கம் சாய்ந்தது. 1928-ல் ஜனநாயகக் கட்சி ஆல் ஸ்மித்தை நிறுத்தியது. மதுவிலக்கை எதிர்த்த கத்தோலிக்கர் அவர். கேனன் தெற்கு மாநிலங்கள் முழுக்கச் சுற்றி, குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹூவருக்கு வேலை செய்தார், ஹூவர் ஜெயித்தார். என் கணக்கில் லீக் தோற்றது அந்த வெற்றியில்தான். யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்த வரைதான் அந்தப் பத்து ஓட்டுக்கு விலை. ஒரு கட்சியின் வீட்டு வாசலில் கட்டிப்போட்ட பிறகு, பொருளாதாரச் சரிவில் அந்தக் கட்சி விழுந்தபோது லீக்கும் சேர்ந்து விழுந்தது.

வீலரின் பாடத்தை இதற்குள் மற்றவர்கள் படித்துவிட்டார்கள். குடியரசுக் கட்சியில் பெரிய பொறுப்பில் இருந்த பாலின் சேபின் 1929-ல் மதுவிலக்கை நீக்கக் கோரும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். கட்சியைப் பார்க்காதே, இந்த ஒரு ஓட்டைப் பார் என்பதே அவர்கள் விதியும். 1932-ல் அந்த அமைப்பு ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புகூட ஷெப்பர்டு, வாஷிங்டன் நினைவுத் தூணை வாலில் கட்டிக்கொண்டு ஒரு தேன்சிட்டு செவ்வாய் கிரகத்துக்குப் பறந்தாலும் பறக்கும், இந்தத் திருத்தம் நீங்காது என்று சவால் விட்டிருந்தார். பதின்மூன்று மாநில சட்டமன்றங்கள் மறுத்தால் போதும் என்ற பழைய கணக்கு இப்போது அவர் பக்கம் இருந்தது.

1933 பிப்ரவரியில் காங்கிரஸ் அந்தக் கணக்கையே சுற்றிக்கொண்டு போனது. ஒப்புதலைச் சட்டமன்றங்களிடம் கேட்காமல், அதற்கென்று மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநில மாநாடுகளிடம் கேட்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தில் ஒரு மாற்று வழி இருக்கிறது. அதுவரை எந்தத் திருத்தத்துக்கும் அதைப் பயன்படுத்தியதில்லை. பல மாநிலங்களில் மாநாட்டுப் பிரதிநிதிகளைத் தொகுதி பிரிக்காமல் மாநிலம் முழுவதற்குமாகத் தேர்ந்தெடுத்தார்கள். கிராமத்துக்கு இருந்த கூடுதல் எடை அங்கே செல்லவில்லை. டிசம்பர் 5 அன்று யூட்டா 36-ஆவது மாநிலமாகச் சம்மதித்தது. அமெரிக்க அரசமைப்பில் ஒரு திருத்தம் முழுதாக நீக்கப்பட்டது அந்த ஒரு முறைதான். மாநாடுகள் மூலம் ஒப்புதல் பெற்ற திருத்தமும் இன்று வரை அது ஒன்றுதான்.

நகரத்தில் கிராமத்தைவிட அதிகம் பேர் வாழ்கிறார்கள் என்று 1920 மக்கள்தொகைக் கணக்கு முதல்முறையாகக் காட்டியது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, தொகுதிகளைப் புதிதாகப் பங்கிட மாட்டோம் என்று காங்கிரஸ் பல ஆண்டுகள் அடம்பிடித்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)